இந்தத் தேர்வுக்கு ரேங்க் கிடையாது

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த மாதக் கடைசியில் ஒரு கணக்குத் தேர்வு வைக்கிறோம். இது பருவத் தேர்வு இல்லை, பருவத்துக்கு நடுவில் வருவது. "இப்பத்தானே பரீட்சை முடிஞ்சுது, மறுபடியுமா?" என்று பள்ளி வாசலில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

2012-ல் முப்பருவ முறை வந்ததிலிருந்து வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே பார்ப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60 என்று மதிப்பெண் போட்டு வருகிறோம். ஆனால் 60-க்கு இவ்வளவு என்று அட்டையில் ஏறும்போது அந்தப் பருவப் புத்தகத்தை மூடி அடுத்த புத்தகத்தையும் கையில் கொடுத்தாகிவிடுகிறது, பின்னத்தில் தடுமாறிய பிள்ளை அதே தடுமாற்றத்தோடு இயற்கணிதத்துக்குப் போய்விடுகிறது. எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறவன். அப்படி மேலே அனுப்புகிற பள்ளி, பிள்ளை எங்கே இடறுகிறது என்பதை அந்த வருடத்துக்குள்ளேயே கண்டுபிடித்தாக வேண்டும். 2021 நவம்பரில் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று நாடு முழுக்க நடந்த தேசிய அடைவு ஆய்வு மாதிரியானவை மாவட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லும், உங்கள் மகளுக்கு நாளைக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்லாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 503-லிருந்து 278-ஐக் கழிக்க வேண்டும், விடை 225. ஒரு பையன் 375 என்று எழுதுகிறான், இன்னொருவன் 235 என்று எழுதுகிறான். பரீட்சைத்தாளில் இரண்டுக்கும் பூஜ்யம்தான். முதல் பையன் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான், அவனுக்குக் கடன் வாங்குவது என்றால் என்னவென்றே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாமவனுக்கு அது தெரியும், நடுவில் இருக்கிற பூஜ்யத்தைத் தாண்டி வாங்கும்போது அங்கே 9 ஆக்க மறந்துவிட்டான். அவனுக்குப் பத்து நிமிடம் போதும். முதல் பையனுக்குக் குச்சிக் கட்டுகளை வைத்து இடமதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து அதே பாடத்தை மறுபடி நடத்தினால் இரண்டு பேருக்குமே பயனில்லை.

அதனால்தான் இந்த வினாத்தாளில் எந்தத் தவறான விடை வந்தால் என்ன புரியவில்லை என்று அர்த்தம் என்பதையும் யோசித்து வைத்திருக்கிறோம். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து தயாரித்தது, எல்லாப் பள்ளிக்கும் ஒரே தாள், ஒரே நேரம், திருத்தும் முறையும் ஒன்றே. எங்கள் பிள்ளைகள் மட்டும் தசமத்தில் திணறினால் நாங்கள் நடத்திய விதத்தில் ஏதோ குறை என்று தெரிந்துவிடும், அந்தப் பகுதியை நன்றாக நடத்திய ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வோம்.

தொடக்கப் பள்ளியில் தம்பி தங்கைகள் இருக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பள்ளிகள் கொரோனாவில் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பைச் சரிசெய்ய 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தானே பாடம் நடத்தினார்கள். அதில் செயலியில் பதிவேற்றவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் வருந்தியதும் உண்மை. இங்கே தாளில்தான் எழுத்து, ஒரே ஒரு பாடவேளை. மறு வாரத்திலிருந்து கடைசிப் பாடவேளையில் தேவைக்கேற்பக் குழு பிரித்து நடத்துவோம், குழுக்களும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு தாளை நம்பி எந்தப் பிள்ளையைப் பற்றியும் முடிவுகட்ட மாட்டோம். காய்ச்சலோடு வந்திருக்கலாம், கணக்கு தெரிந்தும் கேள்வியைத் தமிழில் படிக்கத் திணறியிருக்கலாம், கேள்வியை நாங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டினால் சட்டென்று போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சந்தேகம் வருகிற பிள்ளைகளோடு ஆசிரியர் தனியாக உட்கார்ந்து பேசுவார். அது படிப்பதில் உள்ள சிக்கல் என்றால் தமிழ் ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள். இதற்கென்று டியூஷன், கைடு எதுவும் வேண்டாம், தெரியாததைத் தெரியாது என்று காட்டினால்தான் எங்களுக்கு வேலை நடக்கும். மதிப்பெண் அட்டையில் இது ஏறாது. தாள் வீட்டுக்கு வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், "இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள், உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, தொடரலாமா வேண்டாமா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சேர்ந்தே முடிவெடுப்போம். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கூட்டத்தை மாலையில் வைக்கிறோம். வரும்போது பிள்ளையின் கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்