எத்தனை இருக்கைகள் எங்களுக்கு என்று முதலிலேயே சொல்லுங்கள்

நாடக அரங்குகளை நடத்துபவர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும், அவர்களுக்காக டிக்கெட் விற்றுத் தரும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

ஆசைப்பட்ட நாடகத்துக்கு மறுபடியும் டிக்கெட் கிடைக்கவில்லை. அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் கிடைக்காததற்காக உங்கள்மேல் கோபம் இல்லை. சினிமாவுக்குக் கூட்டம் கூடினால் இன்னும் நான்கு திரைகளில் போட்டுவிடலாம். நாடகத்தில் அது நடக்காது. ஒரு நடிகை ஓர் இரவில் ஒரு மேடையில்தான் நிற்க முடியும். பெரிய தொழில்முறை அரங்குகளில்கூட வாரத்துக்கு எட்டுக் காட்சிகள்தான். அதற்குமேல் குரலும் உடம்பும் தாங்காது. கடைசி வரிசைக்கும் முகம் தெரிய வேண்டுமென்றால் அரங்கை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் முடியாது. இவ்வளவும் தெரிந்துதான் வரிசையில் நிற்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான்: மொத்தம் எத்தனை இருக்கைகள், அதில் எத்தனை பொது விற்பனைக்கு வருகின்றன என்பதை விற்பனை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்பதற்கு, விற்பனை நாளன்று எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு விற்பனை என்றால் ஒன்பதரைக்கே கணினியின் முன் உட்கார்ந்துவிடுகிறோம். கையில் போன், பக்கத்தில் வங்கி அட்டை. மணி பத்தானதும் 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்' என்று திரையில் வருகிறது. முன்னால் எத்தனை பேர் என்று சில தளங்கள் காட்டும். பல தளங்களில் ஒரு கோடு மட்டும் மெல்ல நகரும். ஒருவழியாக உள்ளே போனால் அரங்கின் வரைபடம் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நீலப் புள்ளிகள். ஒன்றைத் தொட்டால், இந்த இருக்கையை வேறொருவர் தேர்ந்தெடுத்துவிட்டார் என்கிறது. அடுத்ததைத் தொட்டாலும் அதே பதில். கடைசியில் தூணுக்குப் பின்னால் ஓர் ஓர இருக்கை சிக்கி, பணம் கட்டப் போனால், வங்கியின் சரிபார்ப்புக் குறியீடு வந்து சேர்வதற்குள் உங்கள் கடிகாரம் நேரம் முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. இருக்கை போய்விடும். மறுபடியும் வரிசையின் வாலுக்கு வந்துவிடுவோம்.

அந்தச் சாம்பல் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. எங்களைப் போல ஒருவர் முந்திக்கொண்டு வாங்கியதா? உறுப்பினர்களுக்கு முன்பே விற்றதா? ஸ்பான்சர்களுக்கு ஒதுக்கியதா? நடிகர்களின் குடும்பத்துக்கும் விமர்சகர்களுக்கும் எடுத்து வைத்ததா? இந்த ஒதுக்கீடுகள் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆண்டு முழுக்கச் சந்தா கட்டி உங்கள் அரங்கைத் தாங்குகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பது நியாயம். அன்று மேடை ஏறுகிறவரின் அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டும், நிச்சயமாக. கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது.

நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் 2016-ல் டிக்கெட் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மிகப் பெரிய இசை நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, சராசரியாக 46 சதவீத டிக்கெட்டுகள்தான் பொது விற்பனைக்கு வந்திருந்தன. மீதி 54 சதவீதம், அந்தத் துறைக்குள் இருப்பவர்களுக்கான ஒதுக்கீடாகவும் குறிப்பிட்ட சிலருக்கான முன்விற்பனையாகவும் போயிருந்தது. அது இசை நிகழ்ச்சிகளின் கணக்கு. நாடகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். பொருந்தாது என்றால் அதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். கணக்கு உங்கள் கையில் இருக்கிறது.

'பத்தே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தது' என்று விளம்பரம் செய்கிறீர்கள். ஆயிரம் இருக்கைகள் தீர்ந்தனவா, இருநூறா? இந்த வித்தியாசம் எங்களுக்கு முக்கியம். இருநூறுதான் என்று முன்பே தெரிந்தால் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திரையின் முன் உட்கார மாட்டோம். குலுக்கலுக்கோ கடைசி நேர டிக்கெட்டுக்கோ பெயர் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

என்னை மிகவும் வேதனைப்படுத்துவது இன்னொன்று. ஒருமுறை, திரும்பி வரும் டிக்கெட்டுக்காகக் கவுன்டரில் வெகுநேரம் நின்று கடைசி நிமிடத்தில் உள்ளே போனேன். வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை. உள்ளே மூன்றாவது வரிசையின் நடுவில் வரிசையாகக் காலி இருக்கைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒதுக்கப்பட்டது என்ற சீட்டு. இடைவேளை முடிந்த பிறகும் யாரும் வந்து உட்காரவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த கல்லூரிப் பிள்ளைகளை இடம் இல்லையென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். முன்வரிசை காலியாக இருக்க, பின்வரிசையைப் பார்த்துப் பேச வேண்டிய நடிகர்களுக்கும் அது நல்லதில்லை. ஒதுக்கிய இருக்கைக்கு ஆள் வருவார்களா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். வராதவற்றை எந்த நாளில், எந்த மணிக்கு விடுவிப்பீர்கள் என்பதை எல்லாரும் பார்க்கும்படி எழுதிப் போடுங்கள். பல அரங்குகள் காட்சி நாளன்று காலையில் அவற்றை விற்பனைக்கு விடத்தான் செய்கின்றன. ஆனால் அது விவரம் தெரிந்த சிலரின் ரகசியமாகவே இருக்கிறது.

கள்ளச் சந்தைக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே அறிக்கையில் இன்னொரு தகவல்: ஆளுக்கு நான்கு டிக்கெட் என்று கட்டுப்பாடு இருந்த ஓர் இசை நிகழ்ச்சிக்கு, ஒரே ஒரு தானியங்கிக் கணினி நிரல் ஒரு நிமிடத்துக்குள் 1,012 டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்தது. விரலால் தட்டுகிற மனிதர்கள் அதோடு போட்டி போட முடியாது. இப்படிப்பட்ட நிரல்களுக்கு எதிராக அமெரிக்கா 2016-ல் சட்டம் போட்டது. அயர்லாந்து 2021-ல் ஒருபடி மேலே போய், பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே தடைசெய்தது. ஆனால் சட்டம் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2017-ல் லண்டனில் 'ஹாமில்டன்' இசை நாடகம் தொடங்கியபோது காகித டிக்கெட்டே கொடுக்கவில்லை. வாங்கிய வங்கி அட்டையையும் புகைப்பட அடையாளத்தையும் வாசலில் காட்டித்தான் உள்ளே போக முடிந்தது. தயாரிப்பாளர்கள் மனது வைத்தால் முடியும்.

ஆனால் டிக்கெட்டைப் பெயரோடு பூட்டினால், காய்ச்சலில் படுத்துவிட்டவர் அதை என்ன செய்வார் என்பதற்கும் வழி வேண்டும். வாங்கிய விலைக்கே உங்களிடம் திருப்பிக் கொடுக்கவும், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு அது போய்ச் சேரவும் ஏற்பாடு செய்யுங்கள். விற்ற டிக்கெட்டைத் திரும்பப் பெறவே மாட்டோம் என்று நீங்கள் அடம்பிடித்தால், நல்லவர்கள்கூட வெளிச்சந்தைக்குத்தான் போவார்கள்.

விலை குறைந்த இருக்கைகளை நாடகக்காரர்கள் நினைத்தால் காப்பாற்ற முடியும் என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1996-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'ரென்ட்' இசை நாடகம் முதல் இரண்டு வரிசைகளை, காட்சி நாளன்று மட்டும், 20 டாலருக்குக் கொடுத்தது. மேடைக்கு மிக அருகிலுள்ள வரிசைகள் அவை. இளைஞர்கள் இரவெல்லாம் தெருவில் படுத்துக் காத்திருந்தார்கள். அது பாதுகாப்பில்லை என்று தெரிந்ததும் குலுக்கலுக்கு மாறினார்கள். எனக்குக் குலுக்கல்தான் பிடித்திருக்கிறது. வேகமான இணையம் உள்ளவர், பத்து மணிக்கு வேலையில் இல்லாதவர் என்ற சலுகை அதில் இல்லை. ஒரு நாள் முழுக்கப் பெயர்களை வாங்கிக்கொண்டு மறுநாள் எடுத்துச் சொன்னால் போதும். இரவுப் பணி செய்யும் செவிலியருக்கும் அதில் சம வாய்ப்பு.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கான இடத்தைத் தொலைபேசியில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று பல அரங்குகளில் விதி. விற்பனை நாளன்று அந்த எண்ணை யாரும் எடுப்பதில்லை. அந்த இடங்களையும் அதே தளத்தில், அதே நேரத்தில் விற்க வேண்டும். இதற்கு இனியும் சாக்குச் சொல்லக் கூடாது.

எவ்வளவு செய்தாலும் பாதிப் பேர் வெளியே நிற்கத்தான் போகிறார்கள். அவர்களுக்காக லண்டன் நேஷனல் தியேட்டர் 2009-ல், ஹெலன் மிரன் நடித்த நாடகத்தோடு, மேடையை நேரடியாகத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பத் தொடங்கியது. ஒரு காட்சியையாவது அப்படிப் பதிவு செய்து எங்களிடம் கொண்டுவர முடியுமா என்று யோசியுங்கள். அரங்கில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது என்று தெரியும். பார்க்காமலே விடுவதைவிட எத்தனையோ மேல்.

உங்கள் அடுத்த நாடகத்தின் அறிவிப்பில், நடிகர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு காட்சிக்கும் பொது விற்பனையில் இத்தனை இருக்கைகள், குலுக்கலில் இத்தனை, ஒதுக்கீட்டில் மிஞ்சுபவை இந்த நாள் இந்த மணிக்கு. அந்த வரியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நிற்கும் ஒரு நாடக ரசிகை