அவர்கள் பக்கவாத்தியம் வாசிக்கவில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். பாம்பனில் நடந்த பள்ளி மாணவர்களின் இசை நிகழ்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். இந்தக் கரையோரம் பக்கம் புயலுக்கும் படகுச் சிறைபிடிப்புக்கும் மட்டுமே நிருபர்கள் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். பாட்டுக்கும் வந்ததற்கு நன்றி. ஆனால் படத்தின் கீழே ‘வயலின் வித்துவானுக்கு மாணவர்கள் பக்கவாத்தியம் வாசித்தனர்’ என்று அச்சாகியிருக்கிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். நடந்தது அதற்கு நேர் எதிர்.

வித்துவான் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே மதுரையிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் முதலில் சுருதிப் பிரச்சினை. வயலினில் தந்தியை இறுக்கும் பிருடையைத் திருகினால் சுருதி ஏறும், இறங்கும். மூங்கில் குழலுக்கு அந்த வசதி கிடையாது. துளை போட்டபோது அமைந்ததுதான். எங்கள் பிள்ளைகளின் குழல்கள் இரண்டரைக் கட்டை சுருதி, அவர் வைத்திருந்தது வேறு. குழல் வாசிக்கும் பையனை ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தை ஊதச் சொல்லிவிட்டு, தன் நான்கு தந்திகளையும் அதற்குச் சேர்த்துக்கொண்டார். பிறகு பிள்ளைகளின் வயலின்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் துருவேறிய தந்திகள். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்குச் சைக்கிள் செயினும் தப்பாது, வயலின் தந்தியும் தப்பாது. என் மகள் வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பாள். அப்படியும் சில மாதத்துக்கு ஒருமுறை தந்தி வாங்க நான் மதுரைக்கு பஸ் ஏறுகிறேன்.

ஒத்திகையில் இன்னொரு சிக்கல். அவர் வாசிக்க ஆரம்பித்தால் பிள்ளைகள் வில்லை இறக்கிவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம் நாள் அவர் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் கடைசிப் பையனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நாதத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். தாளம் போட்டு எல்லோரையும் நடத்தியது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் தலையசைத்த பிறகுதான் அவரும் வில்லை வைத்தார்.

அவர்கள் வாசித்தவற்றில் முக்கியமானவை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயர்களின் பேண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், செய்தவை. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் அதிகம் இல்லாததால் 26 பிள்ளைகள் சேர்ந்து வாசித்தாலும் பிசிறடிக்காது. தேர்வு செய்தவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமிதான் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. பிற்காலத்தில் அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். இதை ஒத்திகையில் வித்துவான் சொன்னதும், எட்டயபுரத்தில் பெரியம்மா வீடு உள்ள ஒரு பையனுக்கு அன்று முழுவதும் தலைகால் புரியவில்லை.

நிகழ்ச்சி அன்று விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலுக்குப் போகாத தகப்பன்மார்கள் எல்லோரும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். திறந்த மேடை. கடற்காற்றில் ஸ்வரம் எழுதிய தாள்கள் பறக்க ஆரம்பித்தன. ஒருவர் வீட்டுக்கு ஓடிப் போய் வலையில் கோக்கும் ஈயக்குண்டுகளை ஒரு பை நிறைய அள்ளிவந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு தாளும் அசையவில்லை.

எல்லாம் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது உருப்படியில் குழல்காரர்கள் அரை ஆவர்த்தனம், அதாவது பாதித் தாளச் சுற்று, முந்தி நுழைந்துவிட்டார்கள். கடைசி உருப்படியில் வேகம் கயிறு அறுந்த காளையாக ஓடியது. வித்துவான் இழுத்துப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து ஓடினார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர் விழாவில், விருந்தினர் காரிலிருந்து இறங்கி நேரே மேடை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் கொலுப்பொம்மைகள் போல உட்கார்ந்திருந்தார்கள். மங்களத்துக்கு மட்டும் அவர்களுக்கு அனுமதி. அதற்குத்தான் பக்கவாத்தியம் என்ற பெயர்கூடக் கொஞ்சம் அதிகம்.

செய்தியில் இசை ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் 2012இல் பகுதிநேரமாக நியமனம் பெற்றவர். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. அந்த மூன்று அரை நாட்களில் 26 பேருக்குச் சுருதி சேர்த்து முடிப்பதற்கே மணி அடித்துவிடும். மற்ற நாட்களிலும் அவர் வந்தார். அரசு இசைப் பள்ளி மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. ராமேசுவரம் தீவுப் பிள்ளைகள் தினமும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் வருவது நடக்கிற காரியமா?

இனி இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் புரவலர்கள் முன்வந்தால், பொன்னாடைக்கும் மலர்மாலைக்கும் ஆகும் செலவை விருந்தினர் இரண்டு நாள் தங்கும் அறைக்குக் கொடுக்கட்டும். மிச்சம் இருந்தால் தந்தி வாங்கிக் கொடுக்கட்டும். தாங்களும் அடுத்த முறை புகைப்படக்காரரை ஒத்திகைக்கே அனுப்பிவையுங்கள்.

என் மகள் அந்தப் படத்தை வெட்டி வயலின் பெட்டியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறாள். அதில் தெரிவது அவளுடைய வில்லின் நுனி மட்டும்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தங்கச்சிமடம்.