மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் அப்பாவும் சுகம். பூ சீசன் தொடங்கிவிட்டதால் விடியுமுன்பே இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போய்விடுகிறோம். தங்கச்சிக்குப் பரீட்சை நடக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

போனில் நீ சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என்ன சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் இரண்டு தடவையாவது படிப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

சாயங்கால இன்ஜினியரிங் வகுப்பை விட்டுவிடலாமென்று இருக்கிறது, மேத்ஸ் அரியர் நிற்கிறது, சர்ச்சில் சண்டே கிளாஸ் எடுப்பதாக ஒப்புக்கொண்டதையும் ஒரு மாதமாகச் செய்ய முடியவில்லை, வேதத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்றாய். கடைசியில் "எதுலயும் நிலைச்சு நிக்கத் தெரியாதவனாப் போயிட்டேன்மா" என்றாய் பார், அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். ராத்திரி என்ன சாப்பிடுகிறாய்? ஷிப்ட் முடிந்து நேரே வகுப்புக்கு ஓடி, திரும்பி வரும்போது மெஸ் மூடியிருக்கும், பன்னும் டீயும் போதும் என்று படுத்துவிடுகிறாய் என்று உன் ரூம்மேட் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். கோபப்படாதே, அவன் அக்கறையில்தான் சொன்னான். எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கின அவ்வளவு பெரிய காரியம் நடந்த கையோடு, யேசபேல் ராணி மிரட்டினாள் என்று வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்றார். ஆண்டவர் அவரிடம் அப்போது எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் தூதன். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. பெற்றவளாக இந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அதனால் ராத்திரி பதினொரு மணிக்கு, வெறும் வயிற்றோடு, படிப்பை விடுவதா வேண்டாமா என்று முடிவு எடுக்காதே. நாலு நாள் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, காலையில் யோசி. அப்போதும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். படிப்பை விடுவது பாவமில்லை. சோர்வு உன் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், நிலைச்சு நிக்கத் தெரியாதவன் என்றாயே, அதற்கு வருகிறேன். நம் சபையில் லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஆயர் ஐயா, அப்போஸ்தலர் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தை எடுத்துப் பேசினார். கடைசி அதிகாரத்தை வீட்டுக்கு வந்து நானே திரும்பப் படித்தேன். "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்ற வசனம் நம் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. அதற்கு நாலு வசனம் தள்ளி வருவதைத்தான் நாம் வேகமாகத் தாண்டிப் போகிறோம். பவுல் சிறையில் இருக்கிறார், முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரிகிறது. தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும் கூட இருக்கிறான் என்று எழுதிவிட்டு, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார்.

இந்த மாற்கு யார்? பவுலும் அவரோடு ஊழியம் செய்த பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் போனபோது கூடப் போய், பெர்கேயில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போன அதே பிள்ளை. அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப் போகலாம் என்று பர்னபா சொல்ல, நடுவழியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்று பவுல் சொல்ல, அவர்களுக்குள் கடுங்கோபம் மூண்டு இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். பர்னபா அவனை விடவில்லை, சீப்புருத் தீவுக்குத் தன்னோடு கூட்டிப் போனார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் மாற்கு என்ன செய்தான், எப்படி வளர்ந்தான் என்று வேதத்தில் விரிவாக இல்லை. அவனைப் பற்றிப் பெரிய சாட்சி ஒன்றும் அதில் எழுதியிருக்கவில்லை. அன்றன்றைக்குக் கொடுத்த வேலையைச் செய்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். கடைசியில், "வேண்டாம்" என்ற அதே வாயே "கூட்டிக்கொண்டு வா" என்கிறது. நடுவில் திரும்பிப் போனதை வைத்து ஆண்டவர் அவன் கணக்கை முடித்துவிடவில்லை. ஒரு மாதம் சண்டே கிளாஸ் எடுக்காததை வைத்து உன் கணக்கை நீயே ஏன் முடிக்கிறாய்?

அந்த அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. துரோவாவில் கார்ப்பு வீட்டில் வைத்துவிட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், புஸ்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். சாகப்போகிறவருக்குப் புஸ்தகம் எதற்கு? எனக்கு அது பெரிய ஆச்சரியம். கடைசி வரைக்கும் படித்துக்கொண்டிருக்க அவருக்கு ஆசை இருந்திருக்கிறது.

உன் அப்பத்தாவை உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். அறிவொளி இயக்கம் வந்த சமயத்தில் அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். பகலெல்லாம் பூ எடுத்த கையோடு, ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் மற்ற பொம்பளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றார். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்கள். அப்பத்தாவும் நடுவில் கண் வலி என்று கொஞ்ச நாள் நின்றார், திரும்பவும் போனார். பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக் கொடுத்தோம். முதலில் எடுத்தது ரூத். நாலே அதிகாரம் என்பதால். சுட்டுவிரலை எழுத்தின் அடியில் வைத்து, கூட்டிக் கூட்டி, வாசலில் காய்கிற நெல்லையும் பார்த்துக்கொண்டே படிப்பார். "ஸ்"சும் "ஜ"வும் அவருக்குப் பிடிபடவே இல்லை. ராஜாக்கள் புத்தகத்துக்கு வந்தபோது பக்கத்துக்குப் பத்து இடத்தில் விரல் நின்றுவிடும். அடுப்படியில் இருக்கிற என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். சில நாள் இரண்டே வசனம். அந்த இரண்டு வசனத்தை அன்று முழுக்க வாயில் வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். வேதத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது என்கிறாயே, இரண்டு வசனம் படித்துவிட்டுத் தூங்கு. காலையில் பஸ்ஸில் அதை நினைத்துக்கொள். ஆண்டவர் பக்கக் கணக்குப் பார்க்கிறவர் இல்லை.

இருபத்தேழு வயதில் பையன்களோடு உட்கார்ந்து படிக்க வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாய். ராபர்ட் தெ நோபிலி இத்தாலியிலிருந்து 1606-ல் நம் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு 29 வயது. கத்தோலிக்கக் குருவானவர், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், இங்கே வந்து சின்னப் பிள்ளை மாதிரி தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அவர் வாழ்ந்த முறையைப் பற்றிச் சொந்தச் சபைக்காரர்களே ரோமாபுரி வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள். அவருக்குச் சாதகமாகப் போப்பாண்டவரின் தீர்ப்பு வந்தது 1623-ல். அந்த வருஷங்களில் அவர் செய்த எல்லாவற்றையும் நான் சரி என்று சொல்ல வரவில்லை. சாதி விஷயத்தில் அவர் எடுத்த வழி எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தீர்ப்பு வரட்டும் பார்க்கலாம் என்று பேனாவைக் கீழே வைக்காமல் படித்தார், எழுதினார். கண்பார்வை மங்கி, 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார். இப்படிப்பட்டவர் நடந்த ஊரில் பிறந்த நீ வயதைக் காரணமாகச் சொல்லாதே.

சண்டே கிளாஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லுவேன். படிப்பு உன்னுடையது, அந்தப் பிள்ளைகள் உன்னுடையவர்கள் மட்டும் இல்லை. நீ வருவாய் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்தாம் சங்கீதத்தில், "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று இருக்கிறது. வாக்குக் கொடுத்ததை அப்படியே நழுவவிடுவது நம் வீட்டில் பழக்கம் இல்லை. உன்னால் நாலு ஞாயிறும் முடியாது என்றால், போய் அந்த ஆயரிடம் நேரில் சொல்: "ஐயா, பரீட்சை முடியும் வரைக்கும் மாசம் இரண்டு ஞாயிறு வருகிறேன், மீதிக்கு வேறு ஆள் பாருங்கள்." சொல்லாமல் ஒளிவதுதான் உன்னை இவ்வளவு அரிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஞாயிறு என்று சொன்னால், மழையானாலும் அந்த இரண்டு ஞாயிறும் போய் நில்.

இங்கே மல்லி விலை இறங்கிவிட்டது. போன மாதம் முகூர்த்த நாளில் ஆயிரத்துக்கு மேல் போனது, இப்போது இருநூறுக்கும் கீழே கேட்கிறார்கள். மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோனால் வண்டிக் கூலியும் கமிஷனும் போக எவ்வளவு மிஞ்சும் என்று உனக்கே தெரியும். சென்ட் கம்பெனிக்காரர் சொல்கிற விலைக்குப் போட்டுவிட்டு வருகிற நாளும் உண்டு. அதற்காகப் பூ மொட்டுகளை எடுக்காமல் விட முடியுமா? வெயில் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும். விட்டால் சாயங்காலம் செடியிலேயே விரிந்துவிடும், ஒருத்தருக்கும் ஆகாது. விலை இருக்கிற மார்கழியில் பனியில் செடி கைப்பிடிதான் கொடுக்கும். அப்பா நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு காலத்திலும் ஒரே நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறார். உன் டிப்ளமோ பீஸ் அப்படித்தான் கட்டினோம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஓவர்டைமை இந்த செமஸ்டருக்கு விட்டுவிடு. வீட்டுக்கு அனுப்புகிற பணத்தில் இரண்டாயிரம் குறைத்துக்கொள். அப்பாவிடம் பேசிவிட்டேன், அவர் சரி என்றார். அந்தப் பணத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தெருமுனை ஓட்டலில் மாதக் கணக்கு வை. மேத்ஸை நீயே முட்டிக்கொண்டிருக்காதே, போன வருஷம் பாஸான ஒருத்தனைப் பிடித்து வாரத்துக்கு ஒரு நாள் உட்கார். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை அப்பா ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறார். பருப்புப் பொடி, வெங்காய வடகம், அப்பத்தாவின் பெரிய எழுத்து வேதாகமம் மூன்றையும் கொடுத்து அனுப்புகிறேன். அவர் கையிலேயே அரியர் பேப்பர் தேதிகளை எழுதிக் கொடுத்துவிடு. புதன்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் எல்லாரிடமும் சொல்லி ஜெபிக்க வேண்டும், தேதி தெரியாமல் சும்மா "பையனுக்குப் பரீட்சை" என்று சொல்ல எனக்குப் பிடிக்காது.

இப்படிக்கு,
அம்மா