எங்கள் அம்மாக்களை உட்கார வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் மூத்தோர் விழா நடத்தும் தமிழ் அமைப்புகளின் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு உங்களில் ஓர் அமைப்பு எடுத்த விழாவுக்கு அம்மாவைக் கூட்டி வந்திருந்தேன். அம்மாவுக்கு வயது 79. மேடைக்கு நாலே படிதான். ஏறிவிடலாம் என்று கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீங்க உட்காருங்க பாட்டி, நாங்களே வர்றோம்" என்று தொண்டூழியர் தம்பி ஒருவர் தோளைத் தொட்டு அமர்த்தினார். பொன்னாடை நாற்காலிக்கே வந்தது. பழக்கூடை வந்தது. பிரியாணியும் வந்தது. நாலு மணி நேரத்தில் அம்மா எழுந்தது ஒரே முறை, கழிவறைக்கு. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதத் தயங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மா அடுப்படியில் விழுந்தார். தரை ஈரமில்லை, கால் தடுக்கவும் இல்லை. மேல்தட்டு மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்துத் திரும்பியவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே தொடையெலும்பு இடுப்புப் பக்கம் முறிந்தது. பிறகு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5 என்றாலே அது எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். அதுவரை ஒரு வலி, ஒரு முனகல் கிடையாது. உடையும்வரை சத்தம் போடாத நோய் அது.

என்னை இன்றும் குடைவது ஒரு கழித்தல் கணக்கு. மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கு எலும்புப்புரை ஆபத்து எவ்வளவு என்று பார்க்க வந்தது, ஆஸ்டா என்று பெயர். வயதிலிருந்து கிலோவில் எடையைக் கழியுங்கள். விடை 20ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம், ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். 0 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கும் கீழே குறைவு. அம்மா 43 கிலோ. 79இல் 43 போக 36. இதைப் போட எனக்குப் பேனாகூட வேண்டாம், ஆனால் யாரும் போடவில்லை, நானும்தான். "இந்த வயசிலும் ஒல்லியா, சிக்குன்னு இருக்காங்களே" என்று மெச்சிக்கொண்டே இருந்தோம். எனக்கு 58 வயது, 61 கிலோ. விடை மைனஸ் 3. ஆனாலும் பெற்றவளுக்கு இடுப்பு முறிந்திருந்தால் மகளுக்கும் ஆபத்து கூடும் என்பதால் நானும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே அடுத்த விழாவில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஓர் எடைக் கருவி வையுங்கள். பெயர் எழுதும்போதே கணக்கையும் போட்டு, விடையைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அந்தச் சீட்டோடு பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகட்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, மூத்தோர் வீடுகளுக்காக நடத்தும் ஈஸ் திட்டத்தில் கழிவறைக்குப் பிடிகம்பி பொருத்தித் தருகிறார்கள், அந்த விண்ணப்பத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் கம்பி வந்தது அம்மா விழுந்த பிறகு.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். எலும்பு, பாரம் தாங்கினால்தான் உறுதியாக இருக்கும். சும்மா கிடந்தால் கரையும். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் கரையும் வேகம் அதிகம். அப்படியிருக்க அவர்களை வரிசையாக உட்காரவைத்து மூன்று சொற்பொழிவு கேட்கவைப்பது என்ன கணக்கு? ஒன்றைக் குறையுங்கள். (தலைவர் உரையைத்தான் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.) அந்த நேரத்தில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பத்து முறை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கட்டும். அப்புறம் கும்மி. எங்கள் அம்மா தலைமுறைக்குக் கும்மியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பே எலும்பு முறிந்தவர்கள் மட்டும் இயன்முறை மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேரட்டும்.

சாப்பாட்டில் பிரியாணி இருக்கட்டும், நான் அதற்கு எதிரியல்ல. கூடவே கேழ்வரகுக் கூழ், தவ்குவா எனும் சோயாக் கட்டி, முள்ளோடு மெல்லும் நெத்திலி வறுவல். 50 வயதைத் தாண்டியவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் கிடைப்பது ஏறக்குறைய 250தான். தே தாரிக்கில் இருக்கும் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தச் சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் நாம் கீழ்த்தளத்திலிருந்து கூரை நடைபாதை, அங்கிருந்து எம்ஆர்டி, இடையில் குடை. நம் கருத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதல் நேரம் தேவை. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது.

அம்மா இப்போது கைத்தடியோடு தேக்கா சந்தைவரை போய்வருகிறார். வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில். விழுங்கிய அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அந்த நேரம் முழுக்க ஒலி 96.8 வானொலி கேட்டபடி அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார்.

எடைக் கருவி வாங்கப் பணமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், என் வீட்டில் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் சும்மாதான் இருப்பேன். மேசையை மட்டும் மின்விசிறிக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு மகள்