தள்ளிவைத்தது தள்ளுபடி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 ஜூன் 26 இரவு இலங்கையின் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையைக் கேட்டவர்கள், பத்து பில்லியன் டொலர் கடன் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்திருந்தால் அது அவர்கள் குற்றமல்ல. பேச்சு அப்படித்தான் அமைந்திருந்தது.

நடந்தது இதுதான். பிரான்ஸ், இந்தியா, ஜப்பான் தலைமையிலான கடன் வழங்குநர் குழுவுடன் 5.8 பில்லியன், சீன அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியுடன் 4.2 பில்லியன் டொலருக்கு உடன்பாடு. தவணைகள் 2028 வரை ஒத்திவைப்பு, 2043 வரை கட்டி முடிக்க அவகாசம். காலமும் வட்டியும் மாறின. வாங்கிய முதல் தொகையில் ஒரு சதமும் வெட்டப்படவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கடன் பத்திரம் விற்றுப் பெற்ற சுமார் 12.5 பில்லியன் டொலர் சர்வதேச பிணைமுறிக் கடன் இதற்குள் வரவில்லை. அந்தப் பத்திரங்களை வைத்திருந்தோருக்குக் கூடுதல் சலுகை கொடுத்தால், எல்லாக் கடன்காரரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி இந்த நாடுகள் மறுபடி கதவைத் தட்டலாம் என்ற நிலை அப்போது இருந்தது.

சர்வதேச நாணய நிதியத்தின் பணமும் கடன்தான். விரிவாக்கப்பட்ட நிதி வசதி என்ற அதன் கடன் திட்டத்தில், ஒவ்வொரு முறை பெறும் தொகையையும் பெற்ற நாளிலிருந்து நாலரை ஆண்டில் திருப்பத் தொடங்கி, பத்தாம் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். 2023 மார்ச்சில் வந்த முதல் 333 மில்லியன் டொலருக்கான கெடு 2027 செப்டெம்பரிலேயே தொடங்குகிறது. மறு ஆண்டு, மேலே சொன்ன நாடுகளுக்கான இருதரப்புத் தவணைகளும் வந்து சேரும். அதற்கான டொலர் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. தேர்தல் ஆண்டான 2024இல் 2028 வெகு தூரமாகத் தெரிந்தது இயல்புதான்.

பணவீக்கக் கணக்கிலும் இதே மயக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் அது 69.8 சதவீதம், மறு செப்டெம்பரில் 1.3. அதாவது 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் சுமார் 170 ரூபாயாகி, அதற்கடுத்த ஆண்டு 172இல் நின்றது. ஏறுவதுதான் நின்றது, ஏறிய விலை இறங்கவில்லை. அதற்கு மேல் 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானது.

வெளிநாட்டுக் கடன்காரரிடம் இத்தனை பேச்சுவார்த்தை. உள்ளூர்த் தொழிலாளியிடம் அதுவும் இல்லை. 2023இல், தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் (அரசின் கடன் பத்திரங்கள்) 2025 வரை 12, பிறகு 9 சதவீத வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்றாவிட்டால் நிதியின் வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளில் யாரும் கை வைக்கவில்லை.

அடுத்த உரைக்கு முன் திறைசேரி ஓர் அட்டவணை வெளியிடட்டும்: கடன் கொடுத்தவர், முதல், வட்டி வீதம், 2028 தொடங்கி ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை. நாலு நிரல் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை