செயலாளரின் ஆண்டறிக்கை: தாந்தேவுக்குப் படியளந்தவர்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் இந்த ஆண்டு தாந்தேயின் டிவைன் காமெடியைப் படிப்பதென்று முடிவு செய்தோம். 100 படலங்கள், 14,233 வரிகள். மாதம் எட்டுப் படலம் என்று கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தோம். இரண்டாவது கூட்டத்திலேயே நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார். "எழுநூறு வருஷத்துக்கு முந்தின இத்தாலியக் கவிதைய இன்னிக்கும் ஊர் ஊரா யூனிவர்சிட்டியில சொல்லிக்கொடுக்கறாங்களே, காசு யாருங்க குடுக்கறது?" அவ்வளவுதான். ஆண்டின் பாதியை அந்தக் கேள்வி சாப்பிட்டுவிட்டது. வாசிப்பு நூலின் முதல் பாகமான நரகத்தின் 17ஆம் படலத்தோடு நிற்கிறது. வெட்கப்பட வேண்டியதில்லை, அதே இடத்தில் நின்ற ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மொத்தம் 11 கூட்டங்கள். நவம்பர் கூட்டம் மழையால் ரத்து. அரங்கம் தருவதாகச் சொன்ன கல்லூரி ஒன்று முதல்நாள் இரவு கைவிரித்ததால், மார்ச் கூட்டம் நம் பொருளாளர் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. அன்றுதான் கூட்டம் அதிகம் என்பதையும் பதிவு செய்கிறேன். பஜ்ஜிதான் காரணம் என்று துணைத்தலைவர் சொல்கிறார்.

சரி, கேள்விக்கு வருவோம். தாந்தேவுக்காகப் பொதுப்பணம் செலவழிந்த கதை 1373இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் தொடங்குகிறது. தாந்தே இறந்து 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை நாடு கடத்திய அதே ஊரின் மக்கள், அவர் நூலை எல்லாருக்கும் விளக்கிச் சொல்ல ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நகர ஆட்சிக்கு மனுக் கொடுத்தார்கள். வாக்கெடுப்பில் ஆதரவு 186, எதிர்ப்பு 19. அந்த 19 பேரைப் பற்றி நாம் அரை மணி நேரம் பேசினோம். அவர்களின் தாத்தாக்களில் யாரையாவது தாந்தே நரகத்தில் போட்டிருப்பார் என்பது நம் இளைஞர் அணியின் ஊகம். நியமிக்கப்பட்டவர் 'டெக்கமரான்' கதைகளை எழுதிய பொக்காச்சோ. ஆண்டுக்கு 100 ஃபுளோரின் பொற்காசு சம்பளம். அந்த அக்டோபரில் பதீயா மடத்துக்குப் பக்கத்திலிருந்த சாந்தோ ஸ்தேஃபனோ தேவாலயத்தில் உரைகளைத் தொடங்கினார். உடல்நலம் கெட்டது; 17ஆம் படலத்தின் தொடக்கத்தில் உரை நின்றது. 1375 டிசம்பரில் இறந்தும் போனார்.

ஆனால் அந்தப் பணம் வீணாகவில்லை. கேட்டவர்களில் பென்வெனுத்தோ தா இமோலா என்பவரும் இருந்தார். அவர் 1375இல் பொலோஞ்ஞாவில் தாந்தேயை நடத்தினார். அவருடைய லத்தீன் விளக்கவுரையை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அப்புறம் பீசாவில் பிரான்செஸ்கோ தா பூத்தி. ஓர் ஊர் கொடுத்த சம்பளம் அடுத்தடுத்த ஊர்களில் பலன் தந்தது.

டிசம்பர் கூட்டத்தில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று கேட்டோம். மோட்ஸார்ட்டின் இசை நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதிய லொரென்ஸோ தா பொந்தே, கடைசிக் காலத்தில் நியூயார்க்கில் இருந்தார். 1825இல் கொலம்பியா கல்லூரி அவரை இத்தாலிய மொழிப் பேராசிரியர் ஆக்கியது. பட்டம் உண்டு, சம்பளம் கிடையாது. மாணவர் கட்டும் கட்டணம்தான் வருமானம். மாணவர் வருவது நின்றதும் அதுவும் நின்றது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு, அதாவது நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, 60 லட்சம் டாலர் திரட்டியபோது நம்மில் சிலரும் சிறு தொகை அனுப்பினோம். எதற்கு இவ்வளவு பணம் என்று அப்போது கேட்டவர்களுக்கு தா பொந்தேயைக் காட்டலாம் என்று நான் கருதுகிறேன்.

அதே ஹார்வர்டில் தாந்தே நுழைந்தது பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான். ஸ்மித் என்ற பாஸ்டன் வணிகர் விட்டுச்சென்ற பணத்தில் அமைந்த இருக்கை, பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளுக்கு உரியது. அதில் அடுத்தடுத்து உட்கார்ந்த டிக்னர், லாங்ஃபெலோ, லோவெல் மூவருமே தாந்தே பைத்தியங்கள். பாடத்திலும் அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். லாங்ஃபெலோ வேலையை விட்டபின் நண்பர்களைக் கூட்டி, புதன்கிழமை இரவுகளில் தன் ஆங்கில தாந்தே மொழிபெயர்ப்பை வரி வரியாகத் திருத்தினார். 1867இல் அது அச்சானது. அந்த நட்பு வட்டத்திலிருந்துதான் 1881இல் அமெரிக்க தாந்தே சங்கம் முளைத்தது.

இங்கே செயலாளர் என்ற முறையில் கொஞ்சம் நின்று பேச அனுமதி வேண்டும். அந்தச் சங்கம் முதலில் வெளியிட்டது என்ன தெரியுமா? ஆண்டறிக்கை. யார் தலைவர், எவ்வளவு வரவு, ஹார்வர்ட் நூலகத்தின் தாந்தே தொகுப்புக்கு என்ன நூல் சேர்ந்தது என்கிற மாதிரியான, நான் எழுதுகிற இதே சரக்கு. போகப் போகக் கட்டுரைகளும் சேர்ந்தன. 1966இல் பெயர் மாறி, இன்று அது 'தாந்தே ஸ்டடீஸ்' என்ற ஆய்விதழ். அடுத்த முறை என் அறிக்கையை வாசிக்காமல் கையெழுத்துப் போடும் செயற்குழு நண்பர்கள் இதை நினைவில் வைக்கவும்.

அந்தச் சங்கம் 1888இல் வெளிக்கொணர்ந்த சொல்லடைவும் நம்மை அசத்தியது. தாந்தே எந்தச் சொல்லை எந்த வரியில் பயன்படுத்தினார் என்ற முழுப் பட்டியல். செய்தவர் எட்வர்ட் ஆலன் ஃபே. வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரியில் பேராசிரியர். கணினி இல்லாத காலம். மாணவர் கட்டுரைக்குப் பரிசு கொடுப்பதும் நல்லதுதான்; ஆனால் பரிசு ஒருவரோடு போகும், சொல்லடைவு எல்லாருக்கும் உதவும். நம் சிறு நிதியை எதில் போடலாம் என்று செயற்குழு யோசிக்கும்போது என் ஓட்டு இந்தப் பக்கம்.

கார்னெல் கதையை பிப்ரவரியில் வழக்கறிஞரான நம் உறுப்பினர் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் வில்லர்ட் ஃபிஸ்க். மனைவி எழுதிய உயில் தொடர்பாக அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வழக்கு. 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஃபிஸ்க் பக்கம் தீர்ப்பு. ஜெயித்தவர் ஃபுளோரன்ஸில் இருந்துகொண்டு, 1893 முதல் தாந்தே நூல்களாக வாங்கி அதே கார்னெலுக்கு அனுப்பத் தொடங்கினார்! சுமார் 7,000 நூல்கள் சேர்ந்தன. பெத்ரார்க்கா என்ற இன்னொரு இத்தாலியக் கவிஞருக்காக ஃபிஸ்க் சேர்த்த தொகுப்பும், ஃபிஸ்க் இறந்தபின் அங்கேயே போனது. "வழக்கில் தோற்றும் லாபம் பார்த்த ஒரே கட்சிக்காரர்" என்று நம் வழக்கறிஞர் முடித்தபோது கூட்டமே அதிர்ந்தது.

இங்கிலாந்தில் ஆர்தர் செரீனா என்பவர் முதல் உலகப் போர் முடிந்த கையோடு கொடுத்த நிதியில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மான்செஸ்டர், பர்மிங்காம் நான்கிலும் இத்தாலிய இருக்கைகள் வந்தன. இதை யாராவது அடுத்த ஆண்டு விரிவாகப் பேசினால் நல்லது.

நமக்கு நேரடியாகப் பயன்பட்டவை இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ராபர்ட் ஹாலண்டர் 1982இல் தொடங்கிய டார்ட்மத் தாந்தே திட்டத்தில் தாந்தே நூலுக்கு எழுதப்பட்ட 70க்கும் மேற்பட்ட விளக்கவுரைகள் உள்ளன. ஒரு வரியின் எண்ணைக் கொடுத்தால் பென்வெனுத்தோ முதல் இக்காலத்தவர் வரை வரிசையாக வருகிறார்கள். கேம்பிரிட்ஜில் 2012 முதல் 2016 வரை நடந்த உரைத்தொடரில் ஐந்தைத் திரையிட்டோம். நூலின் மூன்று பாகங்களான நரகம், உத்தரிப்புத்தலம் (பாவம் கழுவும் இடம்), சொர்க்கம் மூன்றிலும் ஒரே எண்ணுள்ள படலங்களைச் சேர்த்துப் படிக்கும் முறை அது. மாணவர் அல்லாத யாரும் போய்க் கேட்கலாம் என்று நடந்த உரைகள். பொக்காச்சோவின் தேவாலயம் நினைவுக்கு வந்தது. ஒலி மட்டும் சரியில்லை. அது நம் ஸ்பீக்கரின் கோளாறு.

கணக்கு: தொடக்க இருப்பு ரூ. 4,310. சந்தா 25 பேரிடமிருந்து ரூ. 7,500. தேநீர் ரூ. 3,960, நூல்கள் ரூ. 2,850, நாற்காலி வாடகை ரூ. 1,200. கையிருப்பு ரூ. 3,800. மூன்று பேர் சந்தா பாக்கி. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அடுத்த கூட்டம் வரும் மாத முதல் ஞாயிறு மாலை 4:30க்கு. 17ஆம் படலத்தில் கெரியோன் என்ற பறக்கும் பூதத்தின் முதுகில் ஏறிக் கீழே இறங்கும் இடத்திலிருந்து தொடர்வோம். புதிய ஸ்பீக்கருக்கு விலை விசாரிக்க இருவர் தேவை, கை தூக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்