பச்சை வாடாமல் கொடுத்தவர்களுக்கு

ஸ்ட்ரவுட் பக்கத்துத் தோழிகளுக்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். ஸ்னோட்ராப் பூச்செடி தந்தவர்களுக்கும் நட்டவர்களுக்கும் தேவாலயப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் ஒட்டியிருக்கிறேன். அது நாகரிகமான கடிதம். நம்மவர்களுக்குக் கொஞ்சம் மனம்விட்டு எழுதலாம் என்றுதான் இது.

தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஓக் மரக்காடு இந்த பிப்ரவரியில் ஸ்னோட்ராப் பூவால் வெளுத்துக் கிடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஐவிக் கொடியும் சருகும்தான். அந்த முதல் வருஷம் நான் அடித்த கூத்து சிலருக்குத் தெரியாது. செப்டம்பரில் 200 காய்ந்த கிழங்கு காசு கொடுத்து வாங்கி நட்டேன். முளைத்தது பதினொன்று. பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரி இருந்ததால் வெங்காயம் போலவே தாங்கும் என்று நினைத்துவிட்டேன். மேல்தோல் மெல்லியது, மாதக்கணக்கில் காற்றில் கிடந்தால் உள்ளே சுருங்கிப் போய்விடுகிறது.

நாலு வீடு தள்ளி இருக்கும் வெள்ளைக்காரப் பெரியம்மா (அப்படித்தான் கூப்பிடுவேன், அவரும் திரும்பிப் பார்ப்பார்) இதைக் கேட்டுச் சிரித்தார். பூ முடிந்ததும் வா என்றார். மார்ச்சில் போனேன். ஒரு கொத்தைத் தோட்ட ஃபோர்க்கால் அடியோடு நெம்பி எடுத்து உதறினார். நாற்பது கிழங்காவது இருக்கும். இலை பச்சையாக, வேர் வெள்ளை நூலாக. பிரித்து, வாடுவதற்குள் அன்றைக்கே நட்டுவிட வேண்டும். தண்டில் வெள்ளை முடிந்து பச்சை தொடங்கும் இடம் வரை மண்ணுக்குள் போகவேண்டும். எனக்கு மன்னார்குடி நாற்றங்கால்தான் கண்ணில் வந்தது. அட, இது நடவு வேலை!

அதற்கப்புறம் மார்ச் சனிக்கிழமைகளில் செல்டன்ஹாமிலிருந்தும் க்ளொஸ்டரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, மழையில், சேற்றில், புளிசாத டப்பாவோடு! இடுப்பு வலித்ததென்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. மறுவாரம் ஃபோனில் சொன்னீர்கள், அது வேறு.

வகை வகையாய்க் கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். அகன்ற சாம்பல் இலையோடு முந்திப் பூக்கும் 'எல்வெஸி' என்ற ஸ்னோட்ராப் இனத்தை ஒருவர் தந்தார். நம் பக்கத்துக் கோல்ஸ்போர்ன் ஊர்க்காரர் எல்வெஸ் 1874இல் துருக்கியில் கண்ட இனம். பக்கத்துப் பெயின்ஸ்விக்கில் இருந்த ஜேம்ஸ் அட்கின்ஸ் பெயரைத் தாங்கிய உயரமான 'அட்கின்ஸி' இன்னொருவர் கொடுத்தது. தேன் வாசம் வீசும் 'எஸ். ஆர்னாட்' ஒரு தொட்டி வாசலில் வைத்திருந்தது. வைத்தவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' என்ற ஸ்னோட்ராப் வகையின் ஒற்றைக் கிழங்கு ஏலத்தில் 1,850 பவுண்டுக்குப் போன நாடு இது. எங்களுக்கு வந்ததெல்லாம் வாளியில், சும்மா வந்தது. (மணி பிளான்ட் மாதிரி திருடி வைத்தால்தான் வளரும் என்று ஒரு தம்பி சொன்னான். இங்கே நில உரிமையாளரைக் கேட்காமல் காட்டுச்செடியை வேரோடு பிடுங்கினால் குற்றம், கண்ணா.)

தேவாலயக் குழுவுக்குத் தனி நன்றி. ஒரு வருஷம் ஏப்ரலிலேயே புல்வெட்டி ஓடி, ஓரத்து இலையெல்லாம் போயிற்று. அடுத்த வருஷம் அந்த இடத்தில் பூ பாதிதான். இலை பழுத்து விழும்வரை கிழங்கு அதை வைத்துத்தான் அடுத்த வருஷத்துக்குச் சேர்க்கிறது. மரம் துளிர்த்து நிழல் மூடுவதற்குள் கிடைக்கும் வெயில்தான் அதற்குச் சோறு. விளக்கிச் சொன்னதும் ஜூன் வரை அங்கே புல்வெட்ட வேண்டாமென்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

எறும்புக்கும் சொல்லிவிடுகிறேன். விதை நுனியில் கொழுப்புச் சத்துள்ள சின்ன வால் ஒன்று இருக்கும். அதற்காக எறும்பு விதையை இழுத்துப் போகும், தின்றுவிட்டு விதையை விட்டுவிடும். நாம் நடாத பாதையோரத்தில், பத்தடி தள்ளி, போன வருஷம் ஒற்றை இலையாய்ப் புல் மாதிரி நின்றது அப்படி வந்த கன்றுதான். பூக்க இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். தயவுசெய்து மிதிக்காதீர்கள்.

பெரியம்மாவால் இந்த முறை குனிய முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாம் நெம்பியதைப் பிரித்துக் கொடுத்தார். மிச்சக் கொத்து மூன்று வாளி வீட்டில் ஈரச் சாக்கு போட்டு வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாருங்கள். கையுறை கொண்டு வாருங்கள். எடுத்துப் போய் அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். விஷம், வெங்காயமென்று யாராவது நறுக்கிவிடப் போகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா